‘ஆக்ஸஸ் ஆல் வேர்ல்ட்ஸ்’ கேட்கத் தொடங்குபவர்களுக்கு: நாலாவது பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

இயோட்டுன் என்ற டென்மார்க் மெட்டல் குழுவின் ‘ஆக்ஸஸ் ஆல் வேர்ல்ட்ஸ்’ ஆல்பத்தை யாரோ சிபாரிசு செய்து, நீங்களும் முதல் பாட்டைப் போட்டு, சில நிமிடங்களிலேயே ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று நிறுத்தியிருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். மெட்டல் என்ற கனமான ராக் இசையையே கேட்டதில்லை என்பவர்களும் தாராளமாக வரலாம். வருஷக்கணக்கில் டெத் மெட்டல் கேட்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், நான் சொல்லியிருக்கும் மற்ற ஆல்பங்களைப் பற்றிச் சண்டை போடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை இசை வேகமானது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மேலே கையும் காலும் தலைதெறிக்க ஓடும், அடியில் பாட்டு நிதானமாக நடந்துகொண்டிருக்கும். புதிதாகக் கேட்பவரின் காது மேலே ஓடுவதைத் துரத்திக்கொண்டே போய்ச் சீக்கிரம் களைத்துவிடுகிறது. அடியில் நடப்பதைப் பிடித்துக்கொண்டால் இதே ஆல்பம் வேறு ஆல்பமாகக் கேட்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நடையைப் பிடிப்பதற்குத்தான்.

கையில் இருப்பது என்ன

2021 பிப்ரவரியில் மெட்டல் பிளேட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது. ஏழு பாட்டு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடைசிப் பாட்டு மட்டும் கிட்டத்தட்ட 14 நிமிடம். யெஸ்பர் க்ரேஸ், யென்ஸ் நிகோலாய் க்ரேஸ் என்ற சகோதரர்கள் இருவரும் கிட்டார். பேஸ் எஸ்கில் ராஸ்க், ட்ரம்ஸ் பியோர்ன் விண்ட் ஆண்டர்சன். பாடுபவர் யோன் அல்டாரா. அவர் மட்டும் ஃபாரோ தீவுகளைச் சேர்ந்தவர். நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் 18 தீவுகள் அவை. டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சியோடு இருப்பவை, சொந்த மொழி உள்ளவை. அல்டாராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் வழி முழுக்க அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான்.

‘மெலடிக் ப்ரோக்ரஸிவ் டெத் மெட்டல்’ என்று வகை சொல்லுவார்கள். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம், பின்பக்கத்திலிருந்து பிரித்தால் எளிது. டெத் மெட்டல் 1980களில் அமெரிக்காவில், முக்கியமாக ஃபுளோரிடாவில் உருவானது. டெத் என்ற பெயரிலேயே இருந்த குழு 1987-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கனமான கிட்டார், உறுமும் குரல், மூச்சுவிடாத ட்ரம்ஸ் என்ற மூன்றும் அங்கிருந்து வருகின்றன. 1990களின் நடுவில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துக் குழுக்கள் அந்தக் கனத்துக்குள் முணுமுணுக்கக்கூடிய கிட்டார் மெட்டுகளைக் கொண்டுவந்தன. அட் த கேட்ஸ், டார்க் ட்ராங்க்விலிட்டி, இன் ஃபிளேம்ஸ் மூன்றும் அந்த ஊர்தான். அது ‘மெலடிக்’. ‘ப்ரோக்ரஸிவ்’ என்றால் பாட்டு நீளும், நினைத்த இடத்தில் திரும்பும், பல்லவிக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது.

இந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர், அதாவது பதிவான ஒலிகளையெல்லாம் அளவு பார்த்துச் சேர்த்தவர், ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம். மேலே சொன்ன கோத்தன்பர்க் குழுக்கள் பெயர் வாங்கிய ஆல்பங்களைப் பதிவு செய்த ஸ்டுடியோ ஃப்ரெட்மன் அவருடையது. ஆகவே குழு டென்மார்க் என்றாலும் ஒலியில் அக்கரை ஸ்வீடனின் வாசனை அடிப்பது தற்செயல் இல்லை. டென்மார்க்குக்கும் சொந்தமாகப் பெரிய மெட்டல் வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்திலேயே கோபன்ஹேகனில் மெர்ஸிஃபுல் ஃபேட் என்ற குழு இருந்தது. அமெரிக்கக் குழுவான மெட்டாலிகாவின் இரண்டாம், மூன்றாம் ஆல்பங்கள் பதிவானதும் அதே ஊரின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில்தான். ஆனால் இயோட்டுன் அந்த வழியில் வந்த குழு என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்கும் கருவி

போனின் ஸ்பீக்கரில் போடவே போடாதீர்கள். காரணம் இதுதான்: சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு சுமார் 82 தடவை அதிரும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 தடவை. டெத் மெட்டலில் அதையும் இறக்கிச் சுருதி வைப்பது வழக்கம். விரல்நகம் அளவுள்ள போன் ஸ்பீக்கரால் இந்தக் கீழ் ஒலிகளைத் தரவே முடியாது. அடிப்பகுதி முழுக்கப் போய், கம்பியை மீட்டும் சரசரப்பும் சிம்பல் என்ற உலோகத் தகட்டின் சீறலும் மட்டும் மிஞ்சும். ‘வெறும் இரைச்சல்’ என்று நிறையப் பேர் சொல்லும்போது அவர்கள் கேட்டது உண்மையிலேயே இரைச்சல்தான். இசையின் கீழ்ப்பாதி அவர்கள் காதுக்கு வந்தே சேரவில்லை.

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை. காதை நன்றாக அடைத்து உட்காரும் இயர்போன் எதுவானாலும் சரி. ரப்பர் முனை காதுக்குப் பொருந்தாமல் தளர்வாக இருந்தால் கீழ் ஒலி கசிந்து போய்விடும், பெட்டியோடு வந்த வேறு அளவு முனையை மாட்டிப் பாருங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ முதல் தடவை கேட்க வேண்டாம். எஞ்சின் சத்தம் சரியாக அந்தக் கீழ் ஒலிகளைத்தான் மறைக்கும்.

அப்புறம் செட்டிங். ‘பேஸ் பூஸ்ட்’, ‘3டி சவுண்ட்’ மாதிரி ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தில் ஏற்கெனவே இடைவெளியே இல்லாமல் ஒலி நிரம்பியிருக்கிறது, அதற்கு மேல் பேஸை ஏற்றினால் எல்லாம் குழைந்துவிடும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் ‘கிராஸ்ஃபேட்’ இருந்தால் அதையும் அணையுங்கள். ‘ஷஃபிள்’ கட்டாயம் கூடாது. வரிசையை நாமேதான் மாற்றப் போகிறோம், இயந்திரம் மாற்ற வேண்டாம்.

சத்தம் எவ்வளவு வைப்பது? மெட்டல் என்றால் முழுச் சத்தத்தில்தான் கேட்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பல போன்களில் ஹெட்ஃபோன் சத்த அளவைக் காட்டும் வசதி இருக்கிறது, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவில் வைத்தால் காதுக்கு மட்டுமல்ல, இசைக்கும் நல்லது, அடுக்குகள் தனித்தனியாகப் பிரியும். வீட்டுக்குள் ஹெட்ஃபோனில் கேட்பது குடும்ப அமைதிக்கும் உதவும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது பாட்டு

ஆல்பத்தை முதலிலிருந்து கேட்பதுதான் மரியாதை என்று ரசிகர்கள் சொல்வார்கள். பிற்பாடு அப்படியே செய்யலாம். தொடங்குவதற்கு நாலாவது பாட்டான ‘வேவ்ஸ் பிலோ’ நல்ல இடம். வேகம் தணிந்து, அல்டாராவின் பாடும் குரலுக்கு நிறைய இடம் கிடைக்கிற பாட்டு இது. உறுமலும் உண்டு, ஆனால் அது உங்களைக் கதவருகிலேயே மடக்காது.

முதல் தடவை கேட்கும்போது ஒரே வேலைதான். பாடும் குரல் வரும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். உறுமல் வந்தால் காத்திருங்கள், கிட்டார் வந்தாலும் காத்திருங்கள். குரல் திரும்பி வந்ததும் அது போகும் உயரத்தை மட்டும் பின்தொடருங்கள். திருவிழாக் கூட்டத்தில் நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டால் தவில் தானாகக் காதில் விழுமே, அந்த மாதிரிதான்.

அல்டாராவின் குரல் மெட்டலில் வழக்கமாகக் கேட்கும் கூர்மையான உச்சக் குரல் இல்லை. அகலமான, ஆழமான குரல். ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, அவசரமே இல்லாமல் அடுத்ததற்குப் போகிறார். பின்னால் ட்ரம்ஸ் எவ்வளவு தடதடத்தாலும் அவர் தன் நடையை மாற்றுவதில்லை. பாட்டின் உண்மையான வேகம் அவருடைய வேகம்தான். இதை ஒருமுறை காது உணர்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாட்டு முடிந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டு, குரல் பாடிய ஏதாவது ஒரு வரியின் மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். சொல் வேண்டாம், மெட்டு போதும். வரவில்லையா? இன்னொரு முறை கேளுங்கள். வந்துவிட்டால் அடுத்த படி. மறுநாள் கேட்டாலும் சரி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

கிட்டார்: வலக்கை ஓடும், இடக்கை நடக்கும்

இரண்டாவது சுற்றில் அதே பாட்டுக்கு வாருங்கள். கூடவே மூன்றாவது பாட்டான ‘லைஹெம்ஸ் கோல்டன் பிட்ஸ்’ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வரும் பாட்டு அது.

டெத் மெட்டல் கிட்டார் ‘ழ்ழ்ழ்ழ்’ என்று ஒரே இழுப்பாகக் கேட்கிறதல்லவா, அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். வலக்கையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகடு ஒரே கம்பியை மேலும் கீழும் மிக வேகமாக மீட்டுகிறது. ட்ரெமலோ பிக்கிங் என்று பெயர். ஆனால் சுரத்தைத் தீர்மானிப்பது இடக்கை. அது ஓர் இடத்தில் விரலை வைத்து, சற்று நேரம் கழித்துத்தான் அடுத்த இடத்துக்கு நகர்கிறது. அதாவது, வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டல் இருக்கலாம், சுரம் மாறுவதோ வினாடிக்கு ஒன்றோ இரண்டோதான். மீட்டலை எண்ணாதீர்கள். சுரம் மாறுவதை மட்டும் கவனியுங்கள். அந்த இழுப்புக்குள் ஒரு மெதுவான மெட்டு இருப்பது தெரியும். பல இடங்களில் அது குரல் பாடிய மெட்டுக்கு உறவாகக்கூட இருக்கும்.

இரண்டு கிட்டார் இருப்பதால் இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். இந்த வகை ஆல்பங்களில் தாள கிட்டார்களை இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது வழக்கம். ஓர் இயர்போனைக் கழற்றிவிட்டு ஒரு காதில் மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள், அப்புறம் காதை மாற்றுங்கள். ஒரே மாதிரி வாசிப்பதாக நினைத்த இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தென்படத் தொடங்கும். இரண்டையும் மாட்டிக்கொண்டு திரும்பக் கேட்டால் நடுவே குரலுக்கும் ட்ரம்ஸுக்கும் ஏன் இடம் கிடைக்கிறது என்பதும் புரியும்.

மெட்டை ஒரு கிட்டாரும், அதே மெட்டைச் சற்று உயர்ந்த சுரத்தில் இன்னொரு கிட்டாரும் சேர்ந்து வாசிக்கும் இடங்கள் வரும். அது பழைய பிரிட்டிஷ் ஹெவி மெட்டலில் இருந்து கோத்தன்பர்க் வழியாக வந்த பழக்கம். கிட்டார் தனித்து முன்னால் வந்து வாசிக்கும் சோலோ வரும்போது ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம், சும்மா கேளுங்கள். க்ரேஸ் சகோதரர்களின் சோலோக்கள் வித்தை காட்டுவதைவிடப் பாடுவதில்தான் அக்கறை காட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பேஸ் கிட்டாரைத் தனியாகத் தேட வேண்டாம். இந்த நெருக்கமான ஒலியில் அதைப் பிரித்தெடுக்கப் பழகிய காது வேண்டும். இப்போதைக்கு அது கிட்டாருக்கு அடியில் இருக்கும் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ட்ரம்ஸை எண்ணாமல் கேட்பது

டபுள் கிக் என்ற சொல் அடிக்கடி அடிபடும். பெரிய டிரம்மை இரண்டு கால்களாலும் மாறி மாறி உதைப்பது. ஒரு கணக்கு சொல்கிறேன். பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 180 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நாலு உதை என்றால், வினாடிக்கு 12 உதை. மனிதக் காது அவற்றைத் தனித்தனியாக எண்ணப் போவதில்லை, எண்ணவும் கூடாது. அது தாளம் என்பதைவிடத் தரை என்று சொல்லலாம். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

இன்னொன்று பிளாஸ்ட் பீட். ஸ்னேர் என்ற சின்ன டிரம்மும் காலால் உதைக்கும் பெரிய டிரம்மும் சிம்பலும் சேர்ந்து துப்பாக்கிபோல் படபடப்பது. இது தொடங்கும்போதுதான் புதியவர்கள் ‘ஐயோ’ என்று நிறுத்துவார்கள். அந்த இடத்தில் இப்படிச் செய்து பாருங்கள். படபடப்பை விட்டுவிட்டு, கிட்டாரின் சுரக்கூட்டு எப்போது மாறுகிறது என்று மட்டும் கவனித்து, மாறும் ஒவ்வொரு முறையும் தொடையில் ஒரு தட்டு தட்டுங்கள். உங்கள் கை ஆச்சரியப்படும் அளவுக்கு மெதுவாகத்தான் தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டுதான் பாட்டின் நடை. தலையாட்டுபவர்களைக் கச்சேரி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் படபடப்புக்கு ஆட்டுவதில்லை, ஆட்டினால் கழுத்து மிஞ்சாது. இந்த மெதுவான தட்டுக்குத்தான் ஆட்டுகிறார்கள்.

சில இடங்களில் உங்கள் தட்டு தடுமாறும். நாலு நாலாகப் போன கணக்கு திடீரென்று உதைக்கும், அல்லது வேகம் பாதியாகக் குறையும். அதைத்தான் ‘ப்ரோக்ரஸிவ்’ என்கிறார்கள். கணக்கைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். தடுமாறிய இடத்திலிருந்து அடுத்த அழுத்தமான அடிக்குக் காத்திருந்து மறுபடி தட்டத் தொடங்குங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் உண்டு. ட்ரம்ஸ் ஒலி கொஞ்சம் அதிகமாகவே பாலிஷ் போட்டது போலிருக்கிறது. ஒவ்வோர் உதையும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் வந்து விழுகிறது. மனிதக் கால் என்றால் ஏற்ற இறக்கம் இருக்க வேண்டாமா? இக்காலத்து மெட்டல் ஆல்பங்கள் பலவற்றுக்கும் உள்ள வியாதி இது.

உறுமல்

இப்போது கஷ்டமான பகுதி. ‘ஏன் கத்துகிறார்கள்?’ என்று வீட்டில் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

முதலில், அது கத்தல் இல்லை. நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. சாதாரணப் பேச்சில் அவை வேலை செய்வதில்லை. தேர்ந்த உறுமல் பாடகர்கள் அந்த மேல் மடிப்புகளை நெருக்கி அதிர வைக்கிறார்கள், காற்றை வயிற்றிலிருந்து சீராக விடுகிறார்கள். திபெத்திய பௌத்தத் துறவிகளின் அடிக்குரல் ஓதலிலும், மங்கோலியப் பக்கத்துத் துவா மக்களின் தொண்டைப் பாட்டில் ஒரு வகையிலும் இதே மேல் மடிப்புகள்தான் வேலை செய்கின்றன. சும்மா தொண்டையைக் கிழித்துக் கத்தினால் அன்று மாலையே குரல் போய்விடும். அல்டாரா மாதிரி ஒருவர் ஒரே பாட்டில் உறுமிவிட்டு அடுத்த மூச்சில் தெளிவாகப் பாட முடிவதற்குக் காரணம் இந்தத் தனித்தனிப் பொறிகள். (கேட்டுப் பழகிய உற்சாகத்தில் நீங்களே குளியலறையில் முயற்சி செய்ய வேண்டாம், முறையாகக் கற்றுத்தர ஆள் இல்லாமல் தொண்டைக்கு ஆகாது.)

சரி, எப்படிக் கேட்பது? உறுமலில் சுரம் தெளிவாக இருக்காது. ஆகவே அங்கே மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். மூன்றைக் கவனிக்கலாம். ஒன்று, அது எங்கே விழுகிறது: தட்டோடு சேர்ந்தா, தட்டுக்குச் சற்று முன்பா பின்பா. இரண்டு, எவ்வளவு நீளம்: வெட்டி வெட்டி வருகிறதா, ஒரு சொல்லை நீட்டிக்கொண்டே போகிறதா. மூன்றாவது, வாயின் வடிவம்: ‘ஓ’வாகக் குவிந்தால் ஒலி கீழே இறங்கி இருண்டதாகும், ‘ஈ’யாக விரிந்தால் மேலேறிக் கூர்மையாகும். இவற்றைக் கவனித்தால் உறுமலை ஒரு தாளக் கருவியாகக் கேட்கத் தொடங்கிவிடுவீர்கள். பிடிக்க வேண்டும் என்று இல்லை. தொந்தரவாக இல்லாமல் போனாலே போதும், பிடித்துப்போவது தானாக நடந்தால் நடக்கட்டும்.

அப்புறம் உறுமலிலிருந்து பாடும் குரலுக்கு மாறும் இடங்களுக்குக் காத்திருங்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் உயிரே அந்த மாறும் இடங்கள்தான். உறுமல் நெருக்கி நெருக்கி வந்து, திடீரென்று அதே ஆள் வாயைத் திறந்து பாடும்போது கூரையே விலகின மாதிரி ஒரு விசாலம் கிடைக்கிறது. உறுமலைத் தாண்டிக் குதித்து ‘நல்ல பகுதி’களை மட்டும் கேட்டால் அந்த விசாலம் கிடைக்காது. அது வெறும் நல்ல பாட்டாக இருக்கும், அவ்வளவுதான். உறுமல் இல்லாத டெத் மெட்டல் கேட்கலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அதனால்தான் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உறுமல் அதிகமாகவும் மூர்க்கமாகவும் வருவது ஐந்தாவது பாட்டான ‘த டவர் ஆஃப் காஸ்மிக் நிஹிலிட்டி’யில். இந்தப் படி முடிந்த பிறகு அதைப் போட்டுப் பாருங்கள். இன்னும் இரைச்சலாகத் தோன்றினால் ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வரிசையாக

இப்போது முதல் பாட்டுக்குத் திரும்பலாம். ‘வாயேஜ் ஆஃப் த கார்கனி’ விண்வெளியை நினைவூட்டும் ஒலிமூட்டத்தோடு மெல்லத் தொடங்கி, பிறகு ஒரேயடியாகப் பாய்கிறது. முன்பு உங்களை நிறுத்திய பாய்ச்சல் அதுதான். இம்முறை தொடையில் கையை வைத்துக்கொள்ளுங்கள், மெதுவான தட்டைத் தேடுங்கள், குரலுக்குக் காத்திருங்கள்.

ஆல்பம் முழுக்க மனிதர் அண்டவெளிக்குள் போகும் பயணம் பற்றியது. உள்ளுக்குள் போகும் பயணம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். வரிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ‘கார்கனி’ அந்தப் பயணத்தின் கலம். நிஜத்தில் கார்கனி ஒரு சின்ன வாத்து. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடக்கிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வலசை வரும். நம்மூர்ப் பறவை ஆர்வலர்கள் நீலச்சிறகி என்பார்கள், வேடந்தாங்கல் ஏரிக்கும் அது விருந்தாளிதான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் சிறு பறவையின் பெயரைக் கிரகம் விட்டுக் கிரகம் போகும் கலத்துக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வரிகளைப் படிக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான், முன்பே வேண்டாம். தொடக்கத்திலேயே வரிகளைத் திறந்துவைத்தால் கண் எழுத்தில் ஓடும், காது தூங்கிவிடும். உறுமலில் வரும் சொற்கள் புரியவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் தாளைப் பார்க்காமல் புரிவதில்லை.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய இரண்டாம் பாட்டும், ஆறாவதான ‘த வீவர் சிஸ்டம்’மும் இந்த வரிசைக் கேட்பில் தாமாகவே அறிமுகமாகும். தனிப் பயிற்சி தேவையில்லை. ஆறாவது பாட்டு எனக்கு இன்னும் சற்று நீளம்தான். அந்த இடத்தில் உங்களுக்கும் கவனம் கலைந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், குற்றமில்லை.

கடைசிப் பாட்டான ‘சேஃப் அக்ராஸ் த எண்ட்லெஸ் நைட்’ மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். அதன் 14 நிமிடமும் முன்னால் போன முக்கால் மணி நேரத்தைச் சாய்ந்துகொண்டு நிற்பது. ஐந்தாம் பாட்டின் மூர்க்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால்தான் இந்தப் பாட்டில் குரல் எழும்பும்போது அதன் உயரம் தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, போனை ‘டோன்ட் டிஸ்டர்ப்’பில் போட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாக வாருங்கள். இரவு நேரம் நன்றாக ஒத்துவரும். தூக்கம் வந்துவிட்டால் நாளைக்கு முதலிலிருந்து.

அடுத்து என்ன கேட்பது

இதே குழுவின் அடுத்த ஆல்பம் ‘கின்ஷிப்’ 2024 அக்டோபரில் வந்தது. இம்முறை நீளமான பாட்டை முதலிலேயே வைத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது, ஆனால் இந்த ஆல்பத்தில் தேறியவர்களுக்குச் சிரமம் இருக்காது. இரண்டில் எது மேல் என்று ரசிகர்கள் மோதிக்கொள்வார்கள். எனக்கு ‘ஆக்ஸஸ் ஆல் வேர்ல்ட்ஸ்’தான்.

குரலுக்காகவே வந்தவர்கள் அல்டாராவின் இன்னொரு குழுவான ஹாம்ஃபெர்டுக்குப் போகலாம். அங்கே ஃபாரோ மொழியிலேயே பாடுகிறார். வேகமே இல்லை. மிக மெதுவான, கனமான டூம் மெட்டல். சூட் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மேடையில் நிற்பார்கள். 2015 மார்ச்சில் ஃபாரோ தீவுகளில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, அந்த இருட்டிலேயே வெட்டவெளியில் வாசித்து ஒரு வீடியோ எடுத்தார்கள். குளிர்காலத்துத் துக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு அவர் பாடிய ஃபின்லாந்துக் குழுவான பேரன் எர்த்தின் ஆல்பங்கள் இருக்கின்றன.

டென்மார்க்கிலேயே இருக்க விரும்புபவர்கள் ஆல்போர்க் நகரத்து மெர்சனரியின் 2004-ஆம் ஆண்டு ஆல்பமான ‘11 ட்ரீம்ஸ்’ கேட்கலாம். அதில் பாடுவது ஒருவர், உறுமுவது இன்னொருவர். பாட்டுகள் பல்லவிக்கு ஒழுங்காகத் திரும்பி வரும், மெட்டு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உண்மையில் இயோட்டுன் ரொம்பக் கனமாக இருக்கிறது என்பவர்கள் அதை முதலிலும் இதைப் பிறகும் கேட்டால்கூடத் தப்பில்லை.

ஒரே ஆள் உறுமவும் பாடவும் செய்யும் வித்தைக்குப் பழைய உதாரணம் தேடுபவர்களுக்கு ஸ்வீடனின் ஓபெத் குழு. 2001-இல் வந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஸ்டுடியோ ஃப்ரெட்மனில் பதிவானதுதான், ஆகவே அந்த ஒலியின் பழைய வீட்டைப் பார்த்ததாகவும் ஆகும். அதே நாட்டின் எட்ஜ் ஆஃப் சானிட்டி 1996-இல் ‘கிரிம்சன்’ என்று ஓர் ஆல்பம் போட்டது. 40 நிமிடம், ஒரே பாட்டு. அதை இப்போதைக்குத் தொட வேண்டாம். 14 நிமிடப் பாட்டு உங்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது போல் தோன்ற ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.